இரண்டு நூல்

மாலையில் கடையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பிய தையற்காரி, தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் நேரே சமையலறைக்குச் சென்று, காபி இயந்திரத்தின் முன்னால் குனிந்து பார்த்தாள். தண்ணீர் இரண்டு நூல் குறைந்திருந்தது. நேற்றும் இரண்டு நூல். முந்தாநாளும் அதே இரண்டு நூல்.

அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் வருவது ஒரு நூல். பிறர் கண்ணில் படாமலே போய்விடக்கூடிய அளவு அது. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறருடைய தோளையும் இடுப்பையும் அளந்து பிழைக்கிற அவளுக்கோ, ஒரு சட்டை உடம்பில் பொருந்துவதற்கும் பொருந்தாமல் போவதற்கும் இடையிலுள்ள தூரம் அதுதான்.

அந்த இயந்திரம், மின்சாரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கையால் நெம்புகோலை அழுத்திக் காபி இறக்குகிற வகையைச் சேர்ந்தது. உச்சியில் ஒரு திருகு மூடி. உள்ளே ஒரு லிட்டர் பிடிக்கிற கொதிகலன். பக்கவாட்டில், நடுவிரலைவிடச் சற்றே நீளமான ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அந்தக் குழாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் குழாயின் அடிவரை இறங்க விட்டுவிட்டால் சூடேற்றும் கம்பி வெறுமனே காய்ந்து கருகிவிடும். மீண்டும் நிரப்புவதற்கு முன்னால் ஆவியை முழுக்க வெளியேற்றிவிட்டு, அதன் பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். இவ்விரு விதிகளையும் இயந்திரம் வீட்டுக்கு வந்த அன்றே அவள் மனத்தில் இருத்திக்கொண்டாள். அவளுடைய கணவருக்கு இரண்டாவது விதி ஒருநாளும் நினைவில் நின்றதில்லை.

கணவர் மெய்ப்புத் திருத்துபவர். அச்சகங்கள் அனுப்புகிற தாள்களை முன்னறை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு, ஊரார் செய்த பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் களைந்து கொடுப்பார். நாளொன்றுக்கு ஐந்து காபி குடித்து வந்தவர். சில வாரங்களுக்கு முன்னால் அவருடைய இதயம் திடீரெனத் தாளம் தப்பி அடித்துக்கொள்ளத் தொடங்கியது. மாடிப்படியில் அல்ல, சண்டையில் அல்ல. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே.

மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "ஆறு வாரம் காபி ஒரு சொட்டுகூட வேண்டாம். படபடப்பு வர்ற நாளையெல்லாம் குறிச்சு வைங்க. காபியை விட்டதும் அது நின்னுட்டா சந்தோஷம், பேசாம வீட்டுக்குப் போங்க. விட்டும் வருதுன்னா, கோளாறு இதயத்துலதான் இருக்குன்னு அர்த்தம். தொடை வழியா மெல்லிசா ஒரு கம்பியை உள்ள விட்டு, அந்த ஒரு எடத்தை மட்டும் சுட்டுடணும்."

சுட்டுவிடுவது என்று அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாரோ, அவ்வளவு ஆழமாக அந்தச் சொல் அவளுக்குள் இறங்கியிருந்தது.

படபடப்பு நிற்கவில்லை. ஒன்பது தேதிகள் குறிக்கப்பட்டுவிட்டன. மருத்துவரை மீண்டும் பார்க்க வேண்டிய வியாழக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அவர் உண்மையிலேயே காபியை விட்டுவிட்டாரா என்ற ஒரே கேள்வியில்தான் அந்த வியாழக்கிழமை அடங்கியிருந்தது.

அவளும் காபியை விட்டுவிடுவதாகத்தான் முதலில் சொன்னாள். "உனக்கென்ன தலையெழுத்து? நீ குடி. நான் வாசனை பிடிச்சுக்கறேன்," என்று அவர்தான் மறுத்தார். ஆகவே காலையில் தனக்கு மட்டும் ஒரு கோப்பை இறக்கிக் குடித்துவிட்டு, மின்சாரத்தை அணைத்துவிட்டு அவள் கடைக்குப் போவாள். ஒருநாள் மாலையில் தற்செயலாகக் கண்ணாடிக் குழாயைப் பார்த்தபோது, காலையில் விட்டுச் சென்ற தண்ணீர் அப்படியே இல்லையோ என்று தோன்றியது. மறுநாள் காபி இறக்கி முடித்த கையோடு, தண்ணீர் நின்ற மட்டத்தில் குழாயைச் சுற்றிச் சாம்பல் நிற நூல் ஒன்றைக் கட்டினாள். அது உலோகத்தின் நிறத்தோடு பொருந்திப்போனது. மாலையில் பார்த்தால், நூலுக்குக் கீழே இரண்டு நூல் இறங்கியிருந்தது தண்ணீர். ஒரு கோப்பை காபி இறக்கினால் குறைகிற அளவும் மிகச் சரியாக அதுவேதான்.

"என்னங்க, மத்தியானம் என்ன குடிச்சீங்க?" முன்னறைக்கு வந்து, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"தண்ணி. ஏன், அதுக்கும் டாக்டர் தடை போட்டுட்டாரா?"

"சும்மாதான் கேட்டேன்."

"நீ சும்மா எதையும் கேக்க மாட்டியே," என்று சொல்லிவிட்டு அவர் தாளில் குனிந்துகொண்டார்.

அவள் துப்பறியத் தொடங்கினாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். குப்பைக் கூடையைக் குச்சியால் கிளறினாள். காபித்தூள் டப்பாவின் மேற்பரப்பைக் கரண்டியின் முதுகால் வழவழப்பாக நீவிவிட்டு, மாலையில் அதில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றுமே அகப்படவில்லை. அகப்படாதது அவளுக்கு ஆறுதலாக இல்லை. பிழை தெரியாமல் துடைத்துவிடுவதையே தொழிலாகக் கொண்ட மனிதர் அல்லவா அவர்? தூளைத் தனியாக வாங்கி ஒளித்து வைத்திருக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வீட்டில் பகற்பொழுதில் இருக்கக்கூடிய இன்னொருவர் அவளுடைய நாத்தனார். பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலை நடைக்கும் மாலை நடைக்கும் இடையில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் கால் நீட்டி ஒரு தூக்கம் போடுவது அவளுடைய வழக்கம். வெள்ளிக்கிழமை மதியம் தையற்காரி கடையைச் சிறிது நேரம் சாத்திவிட்டு வந்தபோது, நாத்தனார் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பல்லாம் நீ காபி குடிக்கறியா?" என்று கேட்டாள் தையற்காரி.

"நானா? காபின்னாலே எனக்கு வாயெல்லாம் கசக்கும். தெரியாதா அண்ணி?"

"இல்ல, மத்தியானத்துல தூக்கம் கலைய ஏதாவது..."

"தூங்கறதுக்குன்னு வர்றவ எதுக்கு அண்ணி தூக்கத்தைக் கலைக்கப் போறேன்?"

"உங்க அண்ணன் நல்லாத் தூங்கறாரா?"

நாத்தனார் தம்ளரைக் கீழே வைத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணியின் கண் அடிக்கடி எங்கே போய் வருகிறது என்று பார்த்தாள். அந்தத் திசையிலேயே நடந்துபோய் இயந்திரத்தின் முன்னால் குனிந்தாள். இருபது குழந்தைகளின் தில்லுமுல்லுகளை வேனின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தே கண்டுபிடித்துப் பழகிய கண்கள் அவை.

"ஐயோ அண்ணி!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நூல் விட்டுப் பாக்கறதுன்னு சொல்வாங்க. நீங்க நெஜமாவே நூல் கட்டிப் பாக்கறீங்களே!"

"சத்தம் போடாத. வாசல்லதான் இருக்காரு."

"அண்ணன் குடிக்கறான்னு நெனைக்கறீங்களா?"

"தெனமும் ஒரு கப் தண்ணி எங்கயோ போகுது. நீயும் குடிக்கல, நானும் குடிக்கல. மிச்சம் யாரு இருக்கா?"

நாத்தனார் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "அவன்கிட்ட சொல்ல மாட்டேன், போங்க," என்று தானாகவே வாக்களித்தாள். கேட்காமலே கொடுக்கப்படுகிற வாக்கு எத்தனை நாள் தாங்கும் என்று அப்போது தையற்காரி நினைத்துப் பார்க்கவில்லை.

ஒருவேளை கொதிகலனில் கசிவு இருக்கலாம் அல்லவா? சனிக்கிழமை கடைக்குப் போகிற வழியில், குக்கர், பம்பு, இஸ்திரிப் பெட்டி என்று எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டுச் சரிசெய்கிற 'வாஷர்' அக்காவின் பட்டறையில் ஏறினாள். எந்தப் பழுதுக்கும் வாஷரைத்தான் முதலில் குற்றம் சொல்வாள் என்பதால் அந்த அம்மாளுக்கு வாய்த்த பெயர் அது.

"லீக்கா இருக்குமாக்கா?"

"லீக்குன்னா மேடை ஈரமாகணும். ஆகுதா?"

"இல்ல."

"அப்ப லீக் இல்ல. அடையாளம் எப்ப வெக்கறே?"

"காலையில. காபி எறக்கினதும்."

"கொதிக்கக் கொதிக்கவா?"

"ஆமா. குமிழி அடங்கினதும் கட்டிடுவேன்."

"பாக்கறது?"

"சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும்."

வாஷர் அக்கா கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டாள். "ஏம்மா, நீ டெய்லர்தானே? புதுத் துணியை நனைச்சுக் காயவெக்காம வெட்டுவியா?"

"வெட்ட மாட்டேன். சுருங்கிடுமே..." என்று தொடங்கிய தையற்காரி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"அதேதான். தண்ணி கொதிச்சா உப்பும், ஆறினா சுருங்கும். கோவத்துல மூக்கு வெடச்சு நிக்கறவனை அளந்து சட்டை தெச்சுட்டு, கோவம் எறங்கினப்புறம் தொளதொளன்னு இருக்குன்னா யாரு தப்பு? போ, போய் வேலையைப் பாரு. மெஷினும் நல்லாருக்கு, தண்ணியும் நல்லாருக்கு."

மெய்தானா என்று அவளுக்கு அப்போதும் தெளியவில்லை. சந்தேகம் பிடித்துக்கொண்டால் வைத்தியரையும் சந்தேகிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் திருத்திய தாள்களை அச்சகத்தில் சேர்ப்பதற்காகத் தங்கையின் வேனில் ஏறிப் போனதும், தனக்கு ஒரு கோப்பை இறக்கினாள்; நூலைக் கட்டினாள்; சமையலறைத் தரையிலேயே துணியை விரித்து வெட்டிக்கொண்டு, இயந்திரத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆள் நடமாட்டமே இல்லாத அந்தச் சமையலறையில், மதியத்துக்குள் தண்ணீர் தானாக இரண்டு நூல் இறங்கியது.

அவளுக்குத் தன் மேலேயே வெட்கம் பொங்கியது. வெட்கத்தோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருந்தது. அது இன்னதென்று அவள் ஆராயவில்லை.

அன்று மாலையும் திங்கட்கிழமையும் கணவரை அவள் கவனித்த கவனிப்பில் அவரே மிரண்டுபோனார். தலையணைக்கு உறை மாற்றினாள். பேனாக்களுக்கு மை நிரப்பி வைத்தாள். "என்ன, டாக்டர் உன்கிட்ட தனியா ஏதாவது சொன்னாரா? எவ்வளவு நாள்னு?" என்று கேட்டார் அவர், பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும்.

"வாயைக் கழுவுங்க."

ஆனாலும் நூல் கட்டுகிற பழக்கத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. திங்கட்கிழமை மாலை தண்ணீர் இரண்டு நூல் குறைந்திருந்தது. பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை வந்து குனிந்து பார்த்தாள். தண்ணீர் நூலோடு நூலாக, மயிரிழை பிசகாமல் நின்றது. 'அப்பாடா, குறையவே இல்லை' என்று பழைய வழக்கத்தில் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. அடுத்த கணமே அந்தக் குளிர்ச்சி முதுகுத்தண்டில் வேறு விதமாக இறங்கியது. குறைந்திருக்க வேண்டும்! ஆறிய தண்ணீர் சுருங்காமல் இருக்குமா? யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

முன்னறைக்கு வந்தாள். கணவர் தாள் திருத்திக்கொண்டிருந்தார், இடது கையால். வலது கை மடியில் கிடந்தது.

"என்னங்க, மெஷின்ல தண்ணி ஊத்தினீங்களா?"

அவர் நிமிரவில்லை. "ஆமா. கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு."

"குறைஞ்சா உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவா? மத்தியானம் என் தங்கச்சி சொன்னா. நீ நூல் கட்டி என்னை வேவு பாக்கறியாம். தண்ணி குறைஞ்சா நான் குடிச்சதா கணக்காம். எதுக்கு வீண் மனஸ்தாபம்னு உன் நூல் வரைக்கும் ஊத்தி வெச்சேன். போதுமா?"

கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியதுதான் என்று அவள் வாயெடுத்தபோது கண் அவருடைய மடிக்குப் போனது.

"கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா."

அவர் காட்டவில்லை, அவளே எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் சிவந்து, நுனியில் ஒரு கொப்புளம் முத்துப்போல் நின்றது. தேள் கொட்டிய திருடன் கத்த முடியாமல் இருப்பதுபோல, மதியத்திலிருந்து அந்த வலியைச் சத்தமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

"ஆறின மெஷின் சுடாதுங்க," என்றாள் அவள். "ஆவியை விடாம மூடியைத் திறந்திருக்கீங்க. மெஷின் சூடா இருந்திருக்கு. யாருக்குக் காபி போட்டீங்க?"

அவர் சிவப்புப் பேனாவின் மூடியை மெதுவாகச் சொருகினார்.

"எனக்குத்தான்."

"எத்தனை நாளா?"

"இன்னைக்கு ஒரு நாள்."

"சொல்லுங்க, நான் நம்பறேன்," என்றாள். அதைச் சொன்ன விதத்தில் நம்பிக்கை என்பது மருந்துக்கும் இல்லை.

"நாப்பது நாளா நாக்கைக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீ காலையில குடிக்கறப்பல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு மூச்சை இழுத்து விட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் தெரியுது, இத்தனை நாளா இந்த வீட்டுல நான் திருடன்னு. சரி, குடிக்காமயே திருடன்னா, குடிச்சுட்டே திருடனா இருந்துட்டுப் போறேன்னு ஒரு ஆங்காரம். போட்டேன். குடிச்சேன். அப்புறம்தான் பயம் வந்துச்சு. ஊத்தினேன். நூல் வரைக்கும் ஊத்திட்டு வந்து உக்காந்தா, அரை மணி நேரத்துல எறங்கியிருக்கு. மறுபடி ஊத்தினா, மறுபடி எறங்குது. மூணு தடவை ஊத்தினேன். பேய் பிடிச்ச மெஷின்!"

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தண்ணீர் ஆறினால் இறங்கும் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னாள். வாஷர் அக்கா சொன்னதையும், ஞாயிற்றுக்கிழமை தான் காவல் இருந்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் அச்சுத்தாளைப் படிப்பதுபோல் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஆறினா ரெண்டு நூல் எறங்கும். சரி. ஒரு கப் காபிக்கு?"

"அதுக்கும் ரெண்டு."

"அப்ப நான் குடிச்சிருந்தா நாலு இல்ல எறங்கியிருக்கணும்?"

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பத்து நாள்ல ஒரு நாளாவது நாலு இருந்துதா? மூணாவது?"

"இல்ல. தெனமும் ரெண்டுதான்."

"உன் நூல் இருக்கறதே எனக்கு இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் தெரியாது. தெரியாதவன் எப்படித் தெனமும் கரெக்டா அந்த ரெண்டுல கொண்டுவந்து நிறுத்துவான்?"

அவள் அந்தக் கணக்கை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு தையல் விட்டுப் போயிருக்கிறதா என்று தேடினாள். மற்ற முப்பது நாட்கள் இருக்கின்றனவே என்று ஒரு வாதம் தலைதூக்கியது. ஆனால் ஒன்பது படபடப்புகளில் நான்கு இந்தப் பத்து நாட்களுக்குள் வந்தவை. நூல் காவல் காத்த நாட்களில், காபி இல்லாத உடம்பில் வந்தவை. அதற்கு மேல் தேடுவதற்கு இடமில்லை. அவர் நாற்காலியின் கைப்பிடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தாரையாக இறங்கியது.

"அடடே," என்றார் அவர். "நான் யோக்கியன்னு தெரிஞ்சதுல உனக்கு இவ்வளவு துக்கமா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க குடிச்சிருந்தீங்கன்னா, எல்லாம் காபியாலதான்னு ஆகியிருக்கும்," என்றாள் மெதுவாக. "திட்டியிருப்பேன். மெஷினைத் தூக்கிப் பரண்ல போட்டிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்."

பத்து நாட்களாகத் தான் கணவரைச் சந்தேகித்ததாக அவள் எண்ணியிருந்தாள். அவர் குற்றவாளியாக இருந்துவிட வேண்டுமே என்று நேர்ந்துகொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

அவர் பேனாவைத் தள்ளி வைத்தார். கொப்புளம் படாத விரல்களால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மருத்துவமனையில் அவர்களுடைய எண் வருவதற்கு நேரமிருந்தது. வரிசை வரிசையாகப் போடப்பட்ட நாற்காலிகளில் ஆட்கள் தத்தம் காகித உறைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"ஒண்ணு பண்ணலாமா? அப்பப்போ குடிச்சேன், கட்டுப்படுத்த முடியலன்னு சொல்லிடறேன். இன்னும் ஆறு வாரம் பாப்போம்னு தள்ளிப் போடுவாரு. செவ்வாய்க்கிழமை குடிச்சது நெஜம்தானே? முழுப் பொய்யும் இல்ல."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். மற்றவர் எழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டால்கூடப் பொறுக்காத மனிதர். அவருக்குப் பயம் என்பதை இந்த ஆறு வாரத்தில் இப்போதுதான் பார்க்கிறாள். ஏதோ சொல்ல நினைத்தாள்; அதற்குள் எண்ணை அழைத்துவிட்டார்கள்.

மருத்துவர் தேதிகளை விரலால் எண்ணினார். "ஒன்பதா? ம். காபி?"

"அது வந்து டாக்டர்..." கணவர் இழுத்தார். "முழுசா விட்டுட்டேன்னு சொல்ல முடியாது..."

"எவ்வளவு?"

"அப்பப்போ..."

மருத்துவர் எழுதுகோலை நிறுத்தினார். அவரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்த விஷயத்துல நான் புருஷன்மார் பேச்சைக் கேக்கறதே இல்ல. குடிச்சாரா?"

ஆமாம் என்றால் ஆறு வாரம். அவளுக்கு அந்த ஆறு வாரமும் கண்ணெதிரே விரிந்தது: காலை, மாலை, முன்னறை, தாள்கள், யாரும் எதையும் சுடாத நாட்கள். அந்த நாட்களில் ஒன்றில், அவள் கடையில் இருக்கும் ஒரு மதியத்தில், நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிற அவருடைய இதயம் தாளம் தப்பித் திரும்பாமலே போகலாம் என்பதும் அதோடு சேர்ந்தே விரிந்தது.

"ஒரு தடவை டாக்டர்," என்றாள். "முந்தாநாள் மத்தியானம், ஒரு கப். அதுக்கு முன்னால ஒரு சொட்டு கெடையாது."

"அவரே அப்பப்போன்னு சொல்றாரே. நீங்க எதை வெச்சு இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"நான் அவரை நம்பல டாக்டர். அதனால தெரியும்."

மருத்துவர் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்து இரண்டு தாள்களைப் புரட்டினார்.

"அடுத்த வாரம் திங்கள் எடம் இருக்கு. இல்லன்னா அதுக்கடுத்த புதன். எது வசதி?"

"புதன்..." என்று கணவர் தொடங்கினார்.

"திங்கள்," என்றாள் அவள்.

மருத்துவர் திங்கள் என்று எழுதினார்.